பூட்டு யாருக்காக?

எங்கள் ஊர்ப் பெண்கள் அரபிக் கல்லூரியின் விடுதிக்கு மின்னணுப் பூட்டு அமைப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தபோது, அதை மேற்பார்வை செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். "ஹஜ்ரத், நம்மில் நீங்கள்தான் பி.ஏ. படித்தவர். ஆங்கிலக் கையேட்டைப் படித்துப் புரிந்து கொள்வீர்கள்" என்றார் செயலாளர். நான் படித்தது வரலாறு. பானிபட் போர்கள் மூன்றையும் ஆண்டு தவறாமல் சொல்வேன். இரு மின்கம்பிகளைக் காட்டி எது நேர், எது எதிர் என்று கேட்டால் விழிப்பேன். எனினும் பெரியவர்களின் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி ஏற்றுக் கொண்டேன்.

இந்த முடிவுக்குக் காரணம் இருந்தது. ஒரு நள்ளிரவில் எவனோ ஒருவன் மதிலேறிக் குதித்து, சமையற்கட்டின் பின்கதவு வரை வந்துவிட்டான். பூட்டை அசைத்துப் பார்த்திருக்கிறான். தெருநாய்கள் குரைக்கவே, வந்த வழியே ஓடிவிட்டான். உள்ளே 132 மாணவியர் உறங்கிக் கொண்டிருந்தனர். செய்தி பரவியதும் வெளியூர்ப் பெற்றோர் பலர் பதறிக்கொண்டு வந்தனர். "பிள்ளையை உங்களிடம் அமானிதமாக விட்டிருக்கிறோம்" என்று ஒரு தாய் அழுதது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர், முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்லி அனுப்பினார். ஷஅபான் இறுதியில் பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்றதும் வேலையைத் தொடங்கினோம்.

பெரியம்மாவின் சாவிக்கொத்து

அதுவரை விடுதியின் பூட்டு, திறப்பு அனைத்தும் ஒருவர் கையில் இருந்தன. அவரைப் பிள்ளைகள் எல்லோரும் "பெரியம்மா" என்று அழைப்பார்கள், நானும் அப்படியே. அறுபதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளாக விடுதிக் காப்பாளராக இருக்கிறார். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தின் ஓசையைக் கேட்டே பிள்ளைகள் படுக்கைக்கு ஓடுவார்கள். இஷாவுக்குப் பின் பூட்டுவார். சுபுஹு பாங்குக்கு முன் திறப்பார். ஒரு நாள்கூட அவர் தவறியதாக எனக்கு நினைவில்லை.

புதிய பூட்டு வருகிறது என்று அவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, மகிழவும் இல்லை. "இருட்டில் தீப்பிடித்தால் நான் எழுந்து ஓடி வந்து திறப்பேன், ஹஜ்ரத். அந்தப் பெட்டி ஓடி வருமா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பின்னர் வெட்கப்பட்டேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நகரத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இருவரும் மாற்று மதச் சகோதரர்கள். பாங்கு கேட்டதும் டிரில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுவார்கள். அவர்கள் அருகில் நின்று, தெரியாததையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் நான் கற்றேன். தொழில்நுட்பம் அறியாத நம் தாய்மார்களுக்கும் விளங்கும்படி அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கதவுக்கு வெளியே உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கும். அதை ரீடர் என்கிறார்கள். வருபவர் தம் அட்டையை அதனருகே காட்ட வேண்டும். ரீடருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. அட்டையின் எண்ணைப் படித்து உள்ளே சொல்லி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. உள்ளே இரும்புப் பெட்டியில் இருக்கும் பேனல்தான் அந்த எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, "இவர் வரலாம், இந்த நேரத்தில் வரலாம், இந்தக் கதவு வழியாக வரலாம்" என்று முடிவெடுக்கிறது. முடிவானதும் ரிலே என்னும் சிறு மின்விசை பூட்டுக்குச் செல்லும் மின்சாரத்தை மாற்றுகிறது. அப்போது கதவு திறக்கிறது. வாசலில் நிற்கும் காவலர் பெயர் கேட்பார். உள்ளே இருக்கும் முதவல்லி அனுமதி தருவார். பணியாளர் தாழ்ப்பாளை நீக்குவார். ஒழுங்கு அதுவேதான்.

பேனலை ஒருபோதும் வெளிப்புறச் சுவரில் வைக்கக் கூடாது என்பது முதற்பாடம். சில மலிவான கருவிகளில் ரீடர், தீர்ப்புச் சொல்லும் பகுதி, ரிலே எல்லாம் ஒரே உறைக்குள், கதவுக்கு வெளியே இருக்கும். திருப்புளி ஒன்றிருந்தால் எவரும் அதைக் கழற்றி, இரண்டு கம்பிகளைத் தொட்டுக் கதவைத் திறந்துவிடலாம். முதவல்லியைத் தெருவில் உட்கார வைத்ததற்குச் சமம் அது. எங்கள் பேனலை உள்ளே, அலுவலக அறையில், ஆளுயரத்துக்கு மேல் பொருத்தினார்கள்.

ரீடரிலிருந்து பேனலுக்கு எண் செல்லும் முறைக்கு வீகன்ட் என்று பெயர். ஜான் வீகன்ட் என்பவர் கண்டறிந்த ஒருவகைக் காந்தக் கம்பியின் பெயரால் வந்தது இது. பச்சைக் கம்பி சுழியத்தையும், வெள்ளைக் கம்பி ஒன்றையும் சுமந்து செல்லும். வழக்கமான முறையில் ஓர் அட்டையின் செய்தி 26 இலக்கங்கள் கொண்டது. 8 இலக்கங்கள் நிறுவனத்தின் குறியீடு. 16 இலக்கங்கள் அட்டையின் எண். எஞ்சிய இரண்டும் செய்தி பிழையின்றி வந்ததா என்று சரிபார்ப்பவை. மாணவி மனனப் பாடம் ஒப்பிக்கும்போது ஆசிரியை விரல் விட்டு எண்ணி, வசனம் விடுபட்டதா என்று பார்ப்பதில்லையா? அந்த இரண்டு இலக்கங்களும் அப்படித்தான். ஓரிடத்தில் பச்சையும் வெள்ளையும் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. பேனல் அந்த அட்டையை ஏற்கவே இல்லை. அரைநாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது.

விரல்ரேகைக் கருவி வைக்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். பெருநாளுக்கு நம் பிள்ளைகள் விரல் நுனி முழுவதும் மருதாணி இடுவார்கள். சில கருவிகள் அதைக் கண்டு தடுமாறும். அட்டையே போதும் என்று முடிவாயிற்று. அட்டையிலும் 125 கிலோஹெர்ட்ஸ் வகையை எளிதில் நகலெடுத்துவிடலாம் என்று அறிந்து, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மறைகுறியீட்டோடு இயங்கும் வகையை வாங்கினோம்.

பேனலில் நேர அட்டவணை அமைக்கும் வசதியைக் கண்டபோது எனக்கு வியப்பே ஏற்பட்டது. வெளியிலிருந்து வரும் பணிப்பெண்களின் அட்டை எந்த நேரங்களில் செல்லும், எவற்றில் செல்லாது என்று குறித்துவிடலாம். பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வீட்டிலேயே இருக்கும் பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. சுபுஹுத் தொழுகைக்கு முன்பு, நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின்பு ஆகியவையே அம்மூன்று நேரங்கள். அந்த மூன்று நேரங்களையும் அட்டவணையில் நானே அமைத்தேன். வீட்டின் அந்தரங்கத்துக்கு நம் மார்க்கம் வகுத்த ஒழுங்கு, இந்தச் சிறு பெட்டிக்குள்ளும் இடம்பெற்றது.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது. பூட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மின்சாரம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டு, மின்சாரம் நின்றதும் விட்டுவிடும் வகை. காந்தப் பூட்டு இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, மின்சாரம் வந்தால்தான் திறக்கும். நின்றால் பூட்டியே இருக்கும் வகை.

குழுவில் பெரும்பாலோர் இரண்டாம் வகையையே விரும்பினர். "நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? கரண்ட் போனதும் கதவு திறந்துகொண்டால், திருடனுக்கு நாமே விருந்து வைத்தது போலாகுமே" என்றார் பொருளாளர். இன்னொருவர் சற்றே குரல் தாழ்த்தி, "பிள்ளைகள் இரவில் வெளியே போய்விடாமல் இருக்கவும்தானே பூட்டு?" என்றார். அவர் சொன்னதில் தீய எண்ணம் ஏதும் இல்லை. பெண்பிள்ளைகளைப் பெற்றவர், அச்சத்தில் பேசினார்.

எனக்கு அப்போது வேறோர் இரவு நினைவுக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு. நான் ஏர்வாடிக்கு வெகுதொலைவில் இல்லாத ஊரொன்றில் மதரஸா மாணவனாக இருந்தேன். மூத்த மாணவன் என்பதால் இளைய மாணவர்களின் படுக்கைக் கூடத்தை இரவில் வெளியிலிருந்து பூட்டும் பொறுப்பு எனக்கு. அறுபது சிறுவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேறொரு அறையில் நிம்மதியாக உறங்குவேன். சிறுவர்கள் கடைவீதிக்கு ஓடிவிடக் கூடாதல்லவா? அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. செய்தி வந்த அன்றிரவு, வழக்கம்போல் நான் பூட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். எங்கள் உஸ்தாத் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். "சாவியைக் கொடு" என்றார். கொடுத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை. தம் பாயை எடுத்து வந்து கூடத்தின் வாசற்படியிலேயே விரித்துப் படுத்துக் கொண்டார். அதன்பிறகு அக்கதவு வெளியிலிருந்து பூட்டப்படவே இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முந்தைய இரவுகளில் ஏதேனும் ஒன்றில் அங்கே ஒரு தீப்பொறி விழுந்திருந்தால், அல்லாஹ்வின் முன் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இதைக் குழுவில் சொன்னேன். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நிகழ்ந்ததையும் சொன்னேன். டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வெளிக்கதவொன்றைப் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. தீப்பிடித்தபோது அந்தக் கதவு திறக்கவில்லை. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். வரலாறு படித்தவனுக்கு இந்த அளவுக்காவது பயன் இருக்கட்டுமே! நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும், வெளியேறும் வழிக் கதவுகள் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும்படி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

"பூட்டின் முகம் வெளியே இருப்பவனை நோக்கியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது எப்போதும் கதவாகவே இருக்க வேண்டும்" என்றேன். நீண்ட நேரம் அமைதி நிலவியது. முடிவில் தலைவர், "காந்தப் பூட்டே போடுங்கள்" என்றார்.

பொருத்தும்போது கண்டவை

இரு கதவுகளுக்கும் 280 கிலோ இழுவிசையைத் தாங்கும் காந்தப் பூட்டுகள் வந்தன. காந்தம் நிலையின் மேற்பகுதியிலும், அது பற்றிக்கொள்ளும் இரும்புத் தகடு கதவிலும் பொருத்தப்படும். தகட்டை இறுக்கமாகத் திருகிவிட்டால் பிடிப்பு வலுவாக இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். உண்மை நேர்மாறானது. தகட்டின் நடுவே ரப்பர் வளையம் வைத்து, அது சற்றே அசைந்து கொடுக்கும்படி விட வேண்டும். அப்போதுதான் அது காந்தத்தின் முகத்தோடு முழுமையாக ஒட்டும். இறுக்கிவிட்டால் ஓர் ஓரம் மட்டும் ஒட்டி, சிறுவன் இழுத்தாலும் கதவு வந்துவிடும். அதிக இறுக்கம் பிடிப்பைக் குறைக்கும் என்ற இந்த உண்மை, பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்கூடப் பொருந்தும்.

பின்கதவு பேனலிலிருந்து நாற்பது மீட்டர் தொலைவில் இருந்தது. மெல்லிய கம்பி போட்டதால், பேனலில் 12 வோல்ட் காட்டிய மல்டிமீட்டர், கதவருகே பத்தரையைத்தான் காட்டியது. பூட்டு சோர்ந்து பிடித்தது. தடித்த கம்பியாக மாற்றிய பின்னரே சரியாயிற்று. ஒவ்வொரு பூட்டின் முனைகளிலும் ஒரு டயோடு வைத்தார்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் கணத்தில் காந்தச் சுருள் திருப்பி அனுப்பும் மின் அதிர்ச்சி, ரிலேயைக் கெடுத்துவிடாமல் அது காக்கும். கடுகளவுப் பொருள், விலையும் சொற்பம். அதை விட்டுவிட்டால் பேனலின் ரிலே நாளடைவில் தீய்ந்துபோகும்.

மின்தடைக்கு உதவ 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரு பூட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் ஆம்பியரும், பேனலும் ரீடர்களும் சேர்ந்து அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும் எடுத்தன. கணக்குப்படி ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும். நாங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தபோது நான்கு மணி நேரத்தில் பூட்டுகள் விட்டுவிட்டன. காகிதக் கணக்கை நம்பாமல் செய்து பார்த்தது நன்மையாயிற்று. அதே அளவில் இன்னொரு பேட்டரியையும் இணைத்தோம்.

பச்சைப் பெட்டியின் குறை

ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் இரண்டு பொருள்கள் வைக்கப்பட்டன. ஒன்று, வெளியே செல்ல அழுத்தும் சாதாரணப் பொத்தான். மற்றொன்று, ஆபத்து நேரத்தில் அழுத்த வேண்டிய பச்சை நிறப் பெட்டி. வேலை முடிந்ததும் இளைஞர்கள் எல்லாவற்றையும் இயக்கிக் காட்டினார்கள். அட்டையைக் காட்டினால் கதவு திறந்தது. பொத்தானுக்குத் திறந்தது. பச்சைப் பெட்டிக்கும் திறந்தது. எனக்கு மகிழ்ச்சி. கையொப்பமிடப் பேனாவை எடுத்தேன்.

பெரியம்மா அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹஜ்ரத், அந்தப் பச்சைப் பெட்டியை அழுத்தினால் அது யாரிடம் போய்ச் சொல்கிறது?" என்று கேட்டார்.

நான் இளைஞரைப் பார்த்தேன். "பேனலுக்குத்தான் அம்மா. பேனல் உடனே திறந்துவிடும்" என்றார் அவர்.

"பேனலுக்கே உடம்புக்கு முடியாமல் போனால்?"

இளைஞர் பதில் சொல்லவில்லை. நான் பேனாவை மூடி வைத்தேன். "தம்பி, பேனலின் மூளைக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் கழற்றுங்கள். பூட்டுக்குப் போவது இருக்கட்டும்" என்றேன். கழற்றினார். பேனலின் விளக்குகள் அணைந்தன. பெரியம்மாவே பச்சைப் பெட்டியை அழுத்தினார். கதவு அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். நான் தோள் கொடுத்துத் தள்ளினேன். 280 கிலோ இழுவிசையோடு அது அப்படியே நின்றது.

காரணம் எளிது. ரிலே ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் பூட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பேனல் ரிலேயை இயக்கினால்தான் அது துண்டிக்கப்படும். பேனல் செயலிழந்தால் ரிலே ஓய்வு நிலையிலேயே நின்றுவிடும். பூட்டுக்கோ மின்சாரம் தனியே வந்துகொண்டிருக்கிறது. பச்சைப் பெட்டியின் கம்பி, இறந்துபோன பேனலிடம் போய்க் கதறிக் கொண்டிருந்தது. தீயில் முதலில் கருகுவது இத்தகைய மென்மையான பலகைகளாகவே இருக்கக் கூடும். அப்போது உள்ளே 132 பிள்ளைகள் இருந்திருந்தால்? என் உடல் நடுங்கியது.

அந்த இளைஞரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார் போடுவோம்" என்று மெல்லச் சொன்னார். அந்தச் சொல்தான் என்னை மேலும் கலங்க வைத்தது.

திருத்தம் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்டுக்குச் செல்லும் நேர்மின் கம்பியை வெட்டி, அதைப் பச்சைப் பெட்டியின் வழியாகவே செல்லும்படி இணைத்தார்கள். இப்போது அழுத்தினால், யாரிடமும் அனுமதி கேட்காமல் பூட்டின் மின்சாரமே அறுந்துவிடும். பேனல் உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும். சமையற்கட்டிலும் நடைபாதையிலும் புகை உணரும் கருவிகளை வைத்து, அவற்றின் ரிலேயையும் அதே கம்பியில் சேர்த்தோம். பேனலின் மூளையை மறுபடியும் கழற்றச் சொன்னேன். பெரியம்மா அழுத்தினார். 'டக்' என்ற ஓசையோடு கதவு விலகியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் சொன்னபோது என் கண்கள் பனித்தன.

இரவில் உறங்கப் போகுமுன் கதவுகளை மூடுமாறும், விளக்குகளை அணைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை நெருப்புக்கு இரையாக்கிவிடலாம் என்று அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு எத்தனையோ முறை இதைக் கற்பித்திருக்கிறேன். கதவை மூடுவதும் நெருப்பை அஞ்சுவதும் ஒரே அறிவுரையில் அடுத்தடுத்து வருவதை அன்றுதான் கவனித்தேன். ஒன்றை நினைத்து மற்றொன்றை மறப்பவன் பாதிப் பாடமே படித்தவன்.

தாழ்ப்பாள் திரும்பி வந்தது

பொருளாளரின் கவலை இன்னும் மிச்சமிருந்தது. பேட்டரியும் தீர்ந்து, கதவு தானே திறந்துகொண்டால்? அவருடைய அச்சமும் நியாயமானதே. அதற்கு விடையாகப் பழைய தாழ்ப்பாளையே தேடிப் போனோம். இரு கதவுகளிலும் உட்புறமாக, பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், எளிதில் நகரும் தாழ்ப்பாள் ஒன்றை ஆசாரியைக் கொண்டு போட்டோம். பேட்டரி தளரும்போது பெரியம்மாவின் அறையில் மணி ஒலிக்கும். அவர் எழுந்து வந்து தாழிடுவார். எந்தப் பிள்ளையும் அதைக் கையாலேயே நீக்கிவிடலாம். வெளியே நிற்பவனால் முடியாது. நள்ளிரவில் எவரேனும் கதவைத் திறந்தாலும் அதே மணி ஒலிக்கும். பிள்ளை காரணமின்றி வெளியே போனால் அழைத்து விசாரிக்கத் தாய் போன்ற ஒருவர் இருக்கிறார். அதற்காக அவர்களைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

ஷவ்வாலில் பிள்ளைகள் திரும்பி வந்தனர். முதல் வாரத்திலேயே ஒத்திகை ஒன்று நடத்தினோம். இஷாவுக்குப் பின் எல்லோரும் படுத்ததும் ஆசிரியைகள் உள்ளே மணியடித்தார்கள். குழுவினரும் நானும் தெருவாசலுக்கு வெளியே, கையில் கடிகாரத்தோடு நின்றோம். பத்து வயது மாணவி ஒருத்திதான் முதலில் ஓடிவந்து பச்சைப் பெட்டியை அழுத்தினாளாம். வேப்பமரத்தடியில் பெரியம்மா தலைகளை எண்ணினார். இரண்டு நிமிடம் பத்து வினாடியில் உள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "132 பேரும் இருக்கிறார்கள், ஹஜ்ரத்!" "பிள்ளைகள் வெளியே போய்விடாமல் இருக்கத்தானே பூட்டு?" என்று அன்று கேட்டவர், என் கையைப் பற்றிக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார். அவருடைய பேத்தியும் அந்த 132 பேரில் ஒருத்தி.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று நம் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், மருத்துவமனைகள், அடுக்குமாடி வீடுகள் எல்லாவற்றுக்கும் இத்தகைய பூட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் கொடுக்குமுன் நான்கு சோதனைகளை உங்கள் கண் முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். மெயின் மின்சாரத்தை அணைத்து, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பேட்டரியையும் கழற்றி, உள்ளிருந்து கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பேனலின் மூளையை மட்டும் அணைத்துவிட்டுப் பச்சைப் பெட்டியை அழுத்திப் பாருங்கள். கடைசியாக, வீட்டின் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து, "உன்னால் திறக்க முடிகிறதா?" என்று கேளுங்கள். இந்த நான்கிலும் தேறாத பூட்டு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அதற்குக் கையொப்பமிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனைகளை மறுபடியும் செய்யுங்கள், பேட்டரிக்கும் வயதாகும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, கஅபாவின் சாவி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அதை அவர்கள் தம் குடும்பத்தாருக்குக் கொடுக்கவில்லை. வழிவழியாக அதைக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றளவும் அது அக்குடும்பத்தாரின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. சாவி என்பது உலோகத் துண்டு மட்டுமல்ல, அமானிதம். அட்டையாக மாறினாலும், கம்பிக்குள் ஓடும் மின்சாரமாக மாறினாலும் அமானிதம் அமானிதமே. அதற்குக் கேள்வி உண்டு. அந்தக் கேள்வியைப் பேனலிடம் யாரும் கேட்கப் போவதில்லை, நம்மிடம்தான் கேட்பார்கள்.

பெரியம்மாவின் இடுப்பில் இப்போது சாவிக்கொத்து இல்லை. கழுத்தில் அட்டை ஒன்று தொங்குகிறது. ஆனாலும் ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பின் இரு கதவுகளுக்கும் சென்று, தாழ்ப்பாளை ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். "பெட்டி இருக்கிறதே, பெரியம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "பெட்டி அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைத் திருடனிடமிருந்தும் தீயிலிருந்தும் காப்பானாக. நம் கவனக்குறைவிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.